தறிக்குழி இல்லாத மனைகள்

காஞ்சிபுரத்தின் ஓரத்தில் உள்ள ஏனாத்தூர்ப் பக்கம் மனை விற்பவர்கள் சொல்லும் சிறப்புகளில் பெரும்பாலானவை வேறு ஊர்களைப் பற்றியவை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு எத்தனை நிமிடம், ஒரகடம் எவ்வளவு தூரம், 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் வந்துவிட்டால் விலை எங்கே போய் நிற்கும் என்பதுதான் பேச்சு. 1993-இல் சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா இங்கே தொடங்கியது. கலைக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஊரின் முகவரியையே மாற்றின. ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசப்பட்ட நிலம் கிரவுண்டுக்கும் சதுர அடிக்கும் வந்துவிட்டது. வாங்குகிறவர் அந்த மனையில் என்ன தொழில் செய்யப்போகிறார் என்ற கேள்வி மட்டும் எங்கும் எழுவதில்லை. காஞ்சிபுரத்தின் நீண்ட வரலாற்றில் இது புதிய நிலைமை. இந்த ஊரில் பல நூற்றாண்டுகளாக வீடும் தெருவும் தொழிலை வைத்தே அளக்கப்பட்டன. மனைச் சந்தை அந்த அளவுகோலைக் கைவிட்டது, கைத்தறி நகரத்தை விட்டு நழுவுவதற்கு ஒரு முக்கியக் காரணம். கூலியைப் பற்றியும் போலிப் பட்டைப் பற்றியும் பேசும் நாம் இதை மட்டும் பேசுவதில்லை.

பழைய சான்றுகளைப் பார்த்தால் இது விளங்கும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்ற நெசவாளர்களிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் அறக்கட்டளையையும் கணக்கையும் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. குடியிருப்பு, தொழில், ஊர்ப்பொறுப்பு மூன்றும் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகளாக இருந்தன. விஜயநகரக் காலத்தில் காஞ்சியின் கைக்கோளர் என்ற நெசவாளர்கள் பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமை பெற்றிருந்தனர். பிற ஊர்க் கைக்கோளர் அதை முன்மாதிரியாகக் காட்டித் தங்களுக்கும் கேட்டுப் பெற்றனர். அரசு தறிக்கு வரி விதித்தது. நெசவாளர் வேண்டும் என்றால் வரியைக் குறைத்து இடம் கொடுத்துக் குடியேற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே வழியைத்தான் பின்பற்றியது. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட், சுங்குராமச் செட்டியின் தோட்ட நிலத்தில் நெசவாளர்களுக்காகவே சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார். நூற்பவர், நெய்பவர், துணிக்குச் சாயம் தீட்டுபவர், வெளுப்பவர், கோயிலைச் சார்ந்தவர்கள் என்று யார் அங்கே குடியிருக்கலாம் என்பதுகூட வரையறுக்கப்பட்டது. இன்று அது சென்னையின் நடுவில், பறக்கும் ரயில் நிலையத்தோடு, நெரிசலான உள்நகரப் பகுதியாக இருக்கிறது. பேட்டை நிலைத்தது, தறி நிலைக்கவில்லை. காஞ்சியில் நடந்துகொண்டிருப்பதை முன்கூட்டியே காட்டும் உதாரணம் இதைவிட நெருக்கமாக வேறில்லை.

காஞ்சியின் நெசவாளர் பகுதிகளில் பெரியது பிள்ளையார்பாளையம். அங்குள்ள பழைய வீடுகளின் அமைப்பைப் பார்த்தாலே தொழிலின் கணக்கு தெரியும். தெருவை ஒட்டித் திண்ணை; குறுகிய முகப்பு, பின்னால் நீண்டுகொண்டே போகும் உடம்பு. உள்ளே வெளிச்சம் விழும் இடத்தில் குழித்தறி. நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதிக்கிறார். தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டிக்கு உயரம் வேண்டும். கோர்வைச் சேலை என்றால் கரைக்குத் தனி நாடா ஓட்ட, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் வேண்டும். பட்டுக்கு ஈரப்பதம் சீராக இருக்க வேண்டும் என்பதால் மண்தரையும் ஓட்டுக்கூரையும் வசதிக்குறைவின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை, தொழிலுக்கு உதவின. வீட்டோடு தொழில் முடிந்துவிடவும் இல்லை. பெரும்பாலும் மூன்று சேலைக்கு ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். அதை இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து சீராக்க அறுபது அடிக்கும் மேல் நேரான வெளி வேண்டும். வெயில் ஏறுமுன் தெருவே அந்த வெளியாக இருந்தது. பாவு பிடிக்க அக்கம்பக்கத்தார் கைகொடுத்தார்கள். 1914–15இல் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்ட நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் காஞ்சியின் அமைப்பை மனமாரப் பாராட்டினார். தேர் ஓடும் அகன்ற வீதிகளையும் கோயில்களையும் வீடுகளையும் ஒரே திட்டமாக அவர் பார்த்தார். இங்கே வீதியின் அகலம் தேருக்கு மட்டும் உரியதாக இல்லை, பாவுக்கும் உரியதாக இருந்தது.

இந்த வீட்டைச் சந்தையில் வைத்தால் என்ன ஆகிறது? சகோதரர்களுக்குள் பாகம் பிரியும்போது நீளவாட்டில் சுவர் எழுந்து, தறி நின்ற கூடம் இரண்டாகிறது. ஓட்டுவீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டினால் தரைத்தளம் கடைக்கோ வாடகைக்கோ போய், குடும்பம் மாடிக்கு ஏறுகிறது. மாடியில் குழி தோண்ட முடியாது. மேடைத்தறி போடலாமே என்றால், தறியின் எடையையும் அதிர்வையும் ஜக்கார்டின் உயரத்தையும் தாங்கும் மாடி அறைகளை யாரும் கட்டுவதில்லை. சொந்த வீடு இல்லாதவர் நிலை இன்னும் கடினம். வாடகை வீட்டுத் தரையில் குழி வெட்ட எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? சொந்தத் தறி வைக்க இடமில்லாதவர் முதலாளியின் தறிக்கூடத்தில் கூலிக்கு நெய்யப் போகிறார். தெருவில் இருசக்கர வாகனமும் காரும் நிற்பதால் பாவு போடும் நேரமும் சுருங்குகிறது. பட்டு வியாபாரத்தின் பெயரால் காந்தி ரோட்டில் கடை வாடகை உயர உயர, அதே பட்டை நெய்கிற குடும்பத்துக்கு ஊருக்குள் தரைத்தளம் எட்டாமல் போகிறது. இதை நகரத்தின் வளர்ச்சி என்று எழுத என்னால் இயலவில்லை.

கூலி கட்டுப்படியாகாததால்தான் இளைஞர்கள் போகிறார்கள், வீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின் இந்த மாவட்டத்தில் மாதச் சம்பளம் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டியது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள வேலையை விட்டுவிட்டுத் தறியில் உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் வீட்டில் நெய்வதன் வருமானத்தில் வாடகை மிச்சம் என்ற பெரிய பங்கு மறைந்திருந்தது. தொழிற்கூடத்துக்குத் தனி வாடகை இல்லை, போக்குவரத்துச் செலவு இல்லை, பெண்களும் முதியவர்களும் நூல் சுற்றும் உழைப்பு வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. இடம் விலையேறியதும் இந்த மிச்சம் கரைந்தது. அதே கூலி முன்னைவிடக் குறைவானதாக மாறியது. கூலியையும் மனையையும் தனித்தனிக் காரணங்களாகப் பிரிக்க முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. பழைய தெருக்கள் சாதித் தெருக்கள். வீட்டுக்குள் இருந்த தறி முன்பணக் கடனையும் குழந்தைகளின் உழைப்பையும் மறைத்து வைத்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்கிற மனைப்பிரிவு, பிறப்பைக் கேட்கும் தெருவைவிட மேலானது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். பழைய தெருவை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. யார் குடியிருக்கலாம் என்று வரையறுத்தது தவறு. என்ன வேலை செய்ய இடம் வேண்டும் என்று யோசித்தது தவறாகாது. முதலாவதை ஒழிக்கும்போது இரண்டாவதையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம்.

அரசின் ஏற்பாடுகளிலும் வீட்டையும் தொழிலையும் பிரிக்கும் போக்கு தெரிகிறது. வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. அதே கீழ்க்கதிர்ப்பூரில் நெசவுக்கென்று அண்ணா பெயரில் பட்டுப் பூங்காவும் அமைந்தது. வீடு ஓரிடம், தறி ஓரிடம். ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக வாழும் பலருக்குப் பூங்கா பயன்படக்கூடும்; சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தறியில் உட்காரும் பெண்களுக்கு அது வீட்டுத்தறியின் இடத்தை நிரப்பாது. மனைப்பிரிவுகளின் சட்டக் கதையும் இப்படித்தான். அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. விளைநிலம் கண்டபடி மனையாவதைக் கேள்வி கேட்ட நல்ல தலையீடு அந்தத் தடை. ஆனால் அதன்பின் ‘அங்கீகரிக்கப்பட்ட மனை’ என்பதற்குச் சாலை அகலமும் பூங்காவும் வடிகாலுமே இலக்கணமாயின. பிழைப்புக்கான இடம் அதில் சேரவில்லை.

காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஏனாத்தூர் போன்ற ஓரப் பகுதிகளில் தெருக்கள் இன்னும் முழுதாகக் கெட்டிப்பட்டுவிடவில்லை. பெரிய மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கென 10 சதவீத இடம் ஒதுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. மாநகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் அந்த இடத்தில் நிழல் மரங்களோடு எழுபது அடி நீளப் பாவுக்களம் ஒன்றையும் சேர்க்கலாம். சில மனைகளைத் தரைத்தளத் தறிக்கூடத்தோடு கட்ட அனுமதித்து, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, சாதி கேட்காமல், நெய்கிற எவருக்கும் தவணையில் கொடுக்கலாம். வரைபடங்கள் ஒப்புதலுக்கு வரிசையில் நிற்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். மனைகள் கிரயம் ஆகிவிட்டால் சிந்தாதிரிப்பேட்டையைப் போல இங்கும் தறிக்கு இடம் இருக்காது.