மணி போல் ஒலித்த ஃப்ளைவீல்

2017 மே முதல் அக்டோபர் வரை நானும் என் மனைவியும் கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், மகள் வீட்டில் இருந்தோம். எண்ணெய்க் கிணறு, பாதாம் தோப்பு, வெயில், இவ்வளவுதான் ஊர். வெயிலில் நம் வேலூரே தோற்றுவிடும். பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் பகல் முழுவதும் வேலை இல்லை. முப்பத்து நான்கு வருஷம் பஸ் டெப்போவில் எஞ்சின் பிரித்துக் கோர்த்தவனுக்கு வேலை இல்லாமல் இருப்பது ஒரு வியாதி மாதிரி.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஒருநாள் காலை அவர் வீட்டு கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே மட்கார்டு இல்லாத, மேற்கூரை இல்லாத, பானெட்டின் பக்கத் தகடுகள் கழற்றிய ஒரு பழைய கார். 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். போரிலிருந்து திரும்பிய கையோடு அவருடைய அப்பா வாங்கியதாம். அப்பா காலமாகி வெகுநாளாயிற்று. அக்டோபரில் ஃபமோசோ ஓடுதளத்தில் பழைய கார்களுக்கான டிராக் ரேஸ் நடக்கப் போகிறது, அதில் இதை ஓட்ட வேண்டும் என்றார். நான் கேட்காமலே ஒரு ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு எனக்கு டியூட்டி.

டிராக் ரேஸ் என்றால் வளைவு நெளிவு கிடையாது. இரண்டு கார்கள், நேர்கோடு, கால் மைல். அதாவது 402 மீட்டர். சில வினாடிகளில் முடிந்துவிடும். அதற்கு ஐந்து மாதத் தயாரிப்பா என்று என் மனைவி கேட்டாள். கல்யாணமும் அப்படித்தானே என்றேன்.

இந்த 1932 ஃபோர்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின் அதுவரை பணக்காரர் சமாசாரம். ஹென்றி ஃபோர்டு அந்த வருஷம் அதை ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண ஜனம் வாங்கும் காரில் வைத்தார். 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. சில வருஷத்தில் இந்தக் கார்கள் பழைய விலைக்கு வந்தன. கையில் காசில்லாத, ஆனால் கை சும்மா இராத பையன்கள் வாங்கி, எடையைக் குறைக்க மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினைக் குடைந்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடகிழக்கே பாலைவனத்தில் காய்ந்து கிடந்த ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். முரோக், எல் மிராஜ் என்று அந்த ஏரிகளுக்குப் பெயர். 1937-இல் அவர்களுடைய கிளப்புகள் சேர்ந்து ஒரு சங்கமே வைத்துக்கொண்டன. முரோக் ஏரியை ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுதான்.

போர் முடிந்தது. விமானத்திலும் டாங்கியிலும் மெக்கானிக் வேலை கற்ற ஆயிரக்கணக்கான பையன்கள் ஊர் திரும்பினார்கள். ஏரிகள் தூரம், தெருக்கள் பக்கம். ராத்திரியில் நடுத்தெருவில் பந்தயம், விபத்து, போலீஸ். 'ஹாட் ராட்' என்றாலே ரவுடி என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு மருந்தாக வந்தவை ஓடுபாதைகள். 1950-இல் சான்டா ஆனாவில் ஒரு விமான நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் தொடங்கியது. அடுத்த வருஷம் 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், என்.எச்.ஆர்.ஏ. என்ற தேசிய சங்கத்தைத் தொடங்கினார். தெருப் பையன்களை ஒழுங்கான இடத்துக்கு இழுத்து வருவதே அதன் நோக்கம். 1953-இல் பொமோனாவில் அதன் முதல் பந்தயம்.

ஃபமோசோவும் போர்க்காலத்தில் விமானப் பயிற்சிக்குப் போட்ட தளம்தான். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சோழவரமும் இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுதளம்தானே! நாங்கள் லாரியில் தொற்றிக்கொண்டு போய் வெயிலில் நின்று மோட்டார் ரேஸ் பார்த்தது அங்கேதான். உலகத்தின் இரண்டு கோடியிலும் குண்டு போடப் போகும் விமானங்களுக்காகக் கொட்டிய காங்கிரீட், கடைசியில் பையன்கள் கார் ஓட்டத்தான் பயன்பட்டிருக்கிறது.

1957-இல் என்.எச்.ஆர்.ஏ. நைட்ரோமீத்தேன் எரிபொருளுக்குத் தடை போட்டது. நைட்ரோமீத்தேன் தன்னிடமே ஆக்ஸிஜனை வைத்திருக்கும் திரவம். பெட்ரோலைவிடப் பல மடங்கு அதிகமாக எஞ்சினுக்குள் ஊற்றி எரிக்கலாம். சக்தி எகிறும், எஞ்சினும் சில சமயம் எகிறும். பேக்கர்ஸ்ஃபீல்டின் 'ஸ்மோக்கர்ஸ்' கிளப் தடையைக் கண்டுகொள்ளவில்லை. 1959 மார்ச்சில் ஃபமோசோவில் அவர்கள் நடத்திய பந்தயத்துக்கு ஃபுளோரிடாவிலிருந்து டான் கார்லிட்ஸ் வந்தார். வென்றது உள்ளூர்ப் பக்கத்து ஆர்ட் கிரிஸ்மன். அந்த மார்ச் பந்தயத்தின் புகழ் தடையைவிடப் பெரிதாயிற்று. 1963-இல் தடையும் போயிற்று. 1992 முதல் அதே தளத்தில் அக்டோபரில் பழைய ஹாட் ராட்காரர்களின் கூடல் நடந்து வருகிறது.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன்.

இந்த எஞ்சினுக்கு ஃபிளாட்ஹெட் என்று பெயர். வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில். மேலே மூடும் ஹெட் வெறும் மூடிதான். பார்க்க அழகு. ஆனால் எரிந்த புகை வெளியேறும் வழி பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் இடத்தின் ஊடாகவே போகிறது. நடு இரண்டு சிலிண்டருக்கும் புகைவழி ஒன்றுதான். குளிர்விக்க வேண்டிய தண்ணீரையே இது கொதிக்க வைக்கும். அதனால் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விடுவது இதன் பரம்பரை நோய். எங்களுடையது 1946–48 காலத்து பிளாக். காந்தமேற்றித் தூள் தூவிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினோம். விரிசல் இருந்தால் அங்கே தூள் கோடாகச் சேர்ந்து நிற்கும். மூன்று பிளாக் அனுப்பியதில் ஒன்று தேறியது. அந்த ஒன்று, நல்லவேளை, அவருடைய அப்பாவின் பிளாக்.

சிலிண்டர் விட்டத்தை 3-5/16 அங்குலத்துக்குக் குடைந்து, 1949-க்குப் பிந்திய மெர்க்குரி காரின் கிராங்க்கைப் போட்டால் பிஸ்டன் ஓட்டம் 4 அங்குலம். 239 கன அங்குலம் 276 ஆகும். அந்தக் காலத்துப் பையன்களின் வாய்ப்பாடு இது. அப்பா செய்து வைத்திருந்ததும் இதுவே. மேலே மூன்று ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மூச்சுவிட வைக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் பிடித்து இரைச்சலைக் கேட்டுத் திருகுவது நான் டெப்போவுக்கு முன்பே கற்ற வித்தை. பக்கத்து வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்.

பிரேக்கில் அவருக்குப் பழமைப் பித்து கிடையாது. 1932 ஃபோர்டில் கம்பி இழுக்கும் பிரேக். ஃபோர்டில் ஆயில் பிரேக் வந்ததே 1939-இல்தான். அதை அப்பாவே மாற்றிவிட்டார். தலைக்குப் பின்னால் ரோல் பார் புதிது. பெல்ட் புதிது. பெல்ட்டில் தைத்திருக்கும் தேதியிலிருந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டுமாம். மருந்துச் சீட்டு மாதிரி.

தகராறு ஃப்ளைவீலில் வந்தது.

அப்பாவின் ஃப்ளைவீல் ஃபோர்டு கம்பெனி வார்ப்பிரும்பு. எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று வேகமெடுக்கும் என்று அப்பா அதை லேத்தில் கடைந்து இளைக்க வைத்திருந்தார். விளிம்பில் உளியால் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். மகனுக்கு அதைக் கழற்ற மனமில்லை. அதைச் சுத்தம் செய்து, ஒரு கம்பியில் தொங்கவிட்டு, சிறு சுத்தியல் ஒன்றை என்னிடம் நீட்டினார். "நீங்கள் பழைய கை. தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

தட்டினேன். கோயில் மணி போல நீண்டு ஒலித்தது. எனக்கு வாய் வரவில்லை.

1973-இல் கோவைப் பக்கம் ஒரு தனியார் பட்டறையில் வேலையில் இருந்தேன். பழுதுக்கு வந்த ஆயில் எஞ்சின் ஒன்றின் ஃப்ளைவீலை இப்படித்தான் தொங்கவிட்டுத் தட்டினேன். மணி போல ஒலித்தது. "ஓடும்" என்று சொன்னவன் நான்தான். சோதனை ஓட்டத்தில் கவர்னரின் கம்பி கழன்று எஞ்சின் கட்டுமீறி ஓடியது. நிறுத்தப் போவதற்குள் ஃப்ளைவீல் வெடித்தது. ஒரு துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. இன்னொரு துண்டு உதவியாளப் பையனின் கணுக்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போயிற்று. அவனுக்குப் பத்தொன்பது வயது. என்னை "அண்ணே, அண்ணே" என்று சுற்றிவருவான். கவர்னர்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதைத்தான் சொன்னான். நான் அடுத்த மாதமே அந்த வேலையை விட்டேன்.

வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சுழலும் சக்கரம் தன்னைத்தானே வெளிப்பக்கம் இழுத்துக்கொள்கிறது. சுற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. கிளட்ச் நழுவும் சூடு அதன் முகத்தில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். சுத்தியல் பெரிய விரிசலைச் சொல்லும், மயிரிழையைச் சொல்லாது. இது டிராக் ரேஸ்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிளட்ச் பெட்டியும் ஃப்ளைவீலும் ஓட்டுபவரின் பாதத்துக்குப் பக்கத்தில்தான். வெடித்துப் பறந்த துண்டுகளால் எத்தனையோ பேர் கால் இழந்த பிறகே, சுற்றிலும் தடித்த எஃகுக் கவசம், வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு ஃப்ளைவீல் என்று விதிகள் வந்தன. அப்படியும் 1970 மார்ச் 8 அன்று, லாங் பீச் பக்கம் லயன்ஸ் ஓடுதளத்தில் கார்லிட்ஸின் கியர்பாக்ஸ் வெடித்தது. கார் இரண்டு துண்டு. அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த வருஷம் அப்படி ஒரு காரோடு வந்து ஜெயித்தார். சில வருஷத்தில் அந்த உயர் வகுப்பில் முன்பக்கம் எஞ்சின் வைத்த கார்களே இல்லாமல் போயின.

கோவைக் கதையை நான் அவரிடம் சொன்னேன். என் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. காந்தத் தூள் சோதனைக்கு ஃப்ளைவீலை அனுப்பினார். விரிசல் ஏதுமில்லை என்று அறிக்கை வந்தது. நான் சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் போனபோது எஃகு ஃப்ளைவீல் ஒன்றும், கால் அங்குலத் தகட்டுக் கவசமும் பெஞ்சின் மேல் இருந்தன. கவசத்தைத் தூக்கிப் பார்த்தேன், இருபது கிலோவுக்குக் குறையாது. அப்பாவின் ஃப்ளைவீல் சுவரில் ஆணியில் தொங்கியது.

அக்டோபரில் பாதாம் தோப்புகளுக்கு நடுவே ஃபமோசோவுக்குப் போனோம். மாலையில் பழைய நைட்ரோ கார்களை வரிசையாக நிறுத்தி எஞ்சினை மட்டும் உறும விட்டார்கள். மறுபடி ஓட்டக் கூடாத கார்களுக்கு அப்படி ஒரு மரியாதை. கண்ணில் நீர் வந்தது. பாதி அந்தப் புகையால்.

எங்கள் ஓட்டம் காலையிலேயே முடிந்திருந்தது. 13.9 வினாடி, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 98 மைல். கிளட்ச்சை அவர் விட்ட அந்தக் கணத்தில் நான் காரைப் பார்க்கவில்லை, அவர் கால் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் அப்பா பென்சிலில் எழுதியிருந்தார்: 101. அந்த ஆரம்ப நாட்களில் கடைசி வேகத்துக்குத்தான் மதிப்பு, நேரத்துக்கு இல்லை.

"மூன்று மைல் குறைவு" என்றேன்.

"அது உங்கள் கவசத்தின் எடை" என்று சொல்லிவிட்டு, ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.