நாள் குறித்த ஓய்வும் நாள் குறிக்காத ஓய்வும்

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்ததும் தமிழ்நாட்டின் இரண்டு துறைகளில் கலங்கள் ஒதுங்குகின்றன. ஒன்று தூத்துக்குடி பழைய துறைமுகம். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, சிமெண்டு, கல், மணல் என்று சுமந்துபோகும் மரத் தோணிகள் அங்கே ஓய்ந்து நிற்கும். மற்றொன்று கடலே இல்லாத தர்மபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல். அங்கே பரிசல்களைக் கரைக்குத் தூக்கிவந்து கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். இரண்டையும் நிறுத்துவது ஒரே காற்று. தூத்துக்குடிக்காரருக்கு அது கண்ணெதிரே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. ஒகேனக்கல்லில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே, குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளை நிரப்பி வழிந்து, அருவிப் பாறைகளை மூழ்கடித்துக்கொண்டு வந்து சேர்கிறது.

முந்நூறு டன் சரக்கேற்றும் தோணியையும், ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிப்போகும் பரிசலையும் ஒரே தராசில் வைப்பது விசித்திரம்தான். தோணிக்கு முதலாளி உண்டு, அதைச் செலுத்தும் தண்டேல் உண்டு, அவருக்குக் கீழே ஆட்கள் உண்டு. பரிசலுக்கு மூங்கில் பிளாச்சும் தாரும் ஒரு துடுப்பும் போதும். முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். நான் ஒப்பிட விரும்புவது கலங்களை அல்ல, கலம் ஓடாத மாதங்களில் அவற்றை நம்பிய வீடுகள் எப்படி இருக்கின்றன என்பதை.

தோணிக்காரர் வீட்டில் அந்த ஓய்வுக்கு நாள்காட்டி இருக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்றால் பயணம் இல்லை. இது தாத்தா காலத்திலிருந்தே தெரிந்த கணக்கு. பலகை இடுக்குகளை அடைப்பது, அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூசுவது, இயந்திரத்தைப் பிரிப்பது எல்லாம் அப்போதுதான். பனிமய மாதா கோயில் கொடியேற்றம் ஜூலை 26. பெருவிழா ஆகஸ்டு 5. கடலோடி கரையில் இருக்கும் மாதத்தில் ஊரின் பெரிய திருவிழா வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே மாதங்களில் உப்பளங்களும் ஓடுகின்றன, ஆகவே வீட்டில் இன்னொருவர் கூலிக்குப் போக வழியும் உண்டு. கரீபியன் கடலில் பாய்மரப் படகிலேயே குடும்பம் நடத்துகிறவர்களும் ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவத்துக்குப் படகைக் கரையேற்றிவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். செல்வத்தில் மலையும் மடுவும் ஆனாலும் தோணிக்காரரும் அவர்களும் ஒரு வகை: எப்போது நிற்கும் என்று அறிந்தவர்கள்.

ஒகேனக்கல், ஊட்டமலைப் பக்கத்துப் பரிசல் ஓட்டிக்கு அந்த வசதி இல்லை. அவருடைய நாள்காட்டி பிலிகுண்டுலுவில் இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையம் அங்கே காவிரியின் வரத்தை அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்த்ததும் இந்த இடத்துக் கணக்கில்தான். தமிழ்நாடும் கர்நாடகமும் டெல்லியில் வாதாடுகிற அதே அளவுதான் ஊட்டமலை வீட்டில் அன்றைக்கு உலை வைப்பதா என்பதையும் சொல்கிறது. காலையில் டீக்கடையில் முதல் பேச்சே “இன்னிக்குத் தண்ணி எவ்ளோ?” என்பதுதான். சில ஆயிரம் கனஅடி வரை ஓட்டலாம். ஏறினால் மாவட்ட நிர்வாகத்தின் தடை வரும். அதே 2018 ஆகஸ்டில் வரத்து 2 லட்சம் கனஅடியையே தொட்டது. அப்போது தடையை யாரும் குறை சொல்ல முடியாது. வேதனை அந்த உச்சத்தில் இல்லை. தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கி, தடை நீங்கி, துடுப்பைக் கையிலெடுத்த இரண்டாம் நாள் மேலே மீண்டும் மதகு திறப்பார்கள். நாளைக்கே தடை நீங்கிவிடுமோ என்ற நினைப்பில் பெங்களூரு கட்டட வேலைக்கும் போக மனம் வராது. போனவர்கள் தடை நீங்கிய செய்தி கேட்டுப் பாதியில் திரும்புவார்கள். மேட்டில் இருக்கும் மானாவாரி நிலத்தில் ஆடிப் பட்டத்துக்குக் கடலையோ ராகியோ விதைக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பிடிமானம்.

இதில் ஆடிப்பெருக்கை நினைத்துப் பாருங்கள். ஒகேனக்கல்லுக்குக் கூட்டம் குவிகிற நாட்களில் அது ஒன்று. ஆறும் அப்போதுதான் பெருக வேண்டும், விழாவின் பெயரே அதுதானே. பல ஆண்டுகளில் அன்றைக்குப் பரிசல் ஓடாது. தூத்துக்குடியில் திருவிழா ஓய்வோடு சேர்ந்து வருகிறது. இங்கே விழாவும் தடையும் ஒன்றாக வந்து, வருகிற பணத்தைக் கண்முன்னே காட்டிவிட்டுப் போகின்றன. பரிசல் மட்டுமா நிற்கும்? பயணிகள் வராவிட்டால் மீன் பொரித்துக் கொடுக்கும் பெண்களுக்கும், எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களுக்கும் வேலை இல்லை. ஒரே வீட்டில் கணவர் பரிசல், மனைவி மீன்கடை என்றால் இரண்டு வருமானமும் ஒரே காலையில் நிற்கிறது.

தோணிக்காரரை நான் ரொம்பவும் சுகமாகக் காட்டிவிட்டேனோ என்ற சந்தேகம் வரலாம். ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தத் தொழில் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியது என்று தெரியும். கொழும்புக்கு ஓடிய தோணிகளின் காலம் போய்விட்டது. இரும்புக் கப்பலும் கொள்கலனும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. ஓய்வு எப்போது முடியும் என்று தோணிக் குடும்பத்துக்குத் தெரியும். முடிந்தபின் சரக்கு கிடைக்குமா என்பதுதான் கவலை. பரிசல் ஓட்டிக்கு நேர்மாறு. தடை எப்போது நீங்கும் என்று தெரியாது, நீங்கிவிட்டால் ஆள் வருவது உறுதி.

அதனால்தான் இருவருக்கும் ஒரே மருந்து சரிப்படாது என்கிறேன். தோணிக்காரரைப் போலவே நாள் தெரிந்த ஓய்வுதான் கிழக்குக் கடற்கரை மீனவருக்கும்: ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடை. அதற்கு அரசு நிவாரணம் தருகிறது, 2023-இல் அத்தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளும் அதுபோல் கேட்டுவருகிறார்கள். தொடக்கமும் முடிவும் தெரிந்த தடைக்கு ஒரு தொகையை முன்கூட்டியே குறிக்கலாம். பரிசலுக்கு அப்படிக் குறிக்க முடியாது. ஓடாத நாளுக்கு நாள் கணக்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் புதிதாக யாரும் எடுக்க வேண்டியதும் இல்லை. பரிசல் இயக்கத் தடை என்று ஒரு நாள், தடை நீக்கம் என்று ஒரு நாள்: இரண்டையும் அறிவிப்பது மாவட்ட நிர்வாகமே.