பிராமனும் கெடா–கிளந்தானும்: எது அதிக ஈற்று தரும்?

புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காவின் ரப்பர் தோட்டக் கதை தொடங்குகிறது. அந்தத் தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பாலுக்கு மாடு வளர்த்தன. இப்போது ஜாசின், அலோர் காஜா பக்கம் பெரும்பாலும் செம்பனைதான். பனைக்கடியில் மேய்வதில் இறைச்சிக்கான மாடுகளே அதிகம். வாங்க வருபவர் உடம்பைப் பார்க்கிறார். வளர்ப்பவர் பார்க்க வேண்டியது வேறு: இந்தப் பசு எத்தனை ஈற்று தாங்கும்?

திமில் மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 290 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 75 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். கன்று மடியில் முட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

பிராமன் அமெரிக்காவில் உருவான இனம் என்றாலும் ஓங்கோல், கிர் வழி வந்தது. ஒருவகையில் நம்மூர்ச் சொந்தம். வெயிலையும் உண்ணியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பருவத்துக்கு வர நாளாகும். வட ஆஸ்திரேலிய ஆய்வில் பிராமன் கிடாரிகள் சராசரியாக 750 நாளிலும், அங்குள்ள கலப்பினக் கிடாரிகள் 650 நாளிலும் பருவமடைந்தன. தாமதமாகப் பருவமடையும் கிடாரி, முதல் கன்றுக்குப் பிறகும் தாமதமாகவே பருவத்துக்குத் திரும்பும் போக்கு உண்டு. இந்த இரண்டு தாமதங்களும் ஓரளவு ஒரே மரபில் வருபவை.

முதல் ஈற்றில்தான் பல பசுக்களின் கணக்கு முடிகிறது. அப்போது அது இன்னும் வளர்கிறது, பால் பல் விழுந்து நிலைப்பல் முளைத்துக்கொண்டிருக்கிறது, கன்றுக்கும் பால் கொடுக்கிறது. தின்பது வளர்ச்சி, பால், சினை மூன்றுக்கும் போதாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்திவைப்பது சினையைத்தான். இளம் பனைக்கடியில் வெளிச்சமும் புல்லும் தாராளம். ஓலை மூடியபின் புல் குறைந்துவிடும். நானூறு ஐந்நூறு கிலோ பிராமனுக்கு அது பற்றாது.

மலேசியாவின் நாட்டு இனமான கெடா–கிளந்தான் பசுவோ 200, 250 கிலோதான். பாலும் கொஞ்சம், தீனியும் கொஞ்சம். அதனால் ஈன்றபின் சீக்கிரம் சதை பிடித்து மறுபடி காளையை ஏற்கும். கன்று சிறியது, விலையும் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வருடா வருடம் கிடைக்கும் சிறு கன்று, ஒரு வருடம் விட்டு வரும் பெரிய கன்றுக்கு இளைத்ததல்ல என்பது என் எண்ணம். இரு இனங்களையும் கலந்து மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி உருவாக்கிய பிராக்மாஸ் நடுவில் நிற்கிறது.

முதுமையில் இரு இனங்களுக்கும் பல்தான் எல்லை. கருப்பை ஓயுமுன்பே பல் தேய்கிறது, மேய்ச்சல் குறைகிறது, உடம்பு இளைக்கிறது. பிராமனுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: வயதானால் சிலவற்றுக்கு மடி தொங்கி, காம்பு தடித்துவிடும். பிறந்த கன்றால் கவ்வ முடியாது.

மந்தையில் வயதான மாடு இருப்பதை மட்டும் வைத்து அது இன்னும் ஈனுகிறது என்று முடிவு கட்டவும் கூடாது. ஈனாத மாட்டையும் இறைச்சிக்குக் கொடுக்க மனம் வராமல் கட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. காளை வருடம் முழுக்க மந்தையோடே திரிந்து, ஈன்ற தேதியை யாரும் குறிக்காத இடத்தில் வறட்டு மாடு கூட்டத்தில் மறைந்துவிடும்.

பிராமன்தான் வேண்டும் என்பவர் செம்பனைப் புண்ணாக்கை மந்தை முழுக்கப் பங்கிட வேண்டாம். முதல் சினை மாடுகளுக்கு, ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுக்கத் தொடங்கலாம். ஈன்றபின் தொடங்கினால் பெரும்பகுதி பாலாகிக் கன்றுக்குப் போய்விடும்.