மரக்கலம் என்ற பெயரும் ஃபைபர் படகும்

மழை பொய்த்த வருடங்களில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும். அப்போது பழைய மஸ்கெலியா வெளியே தெரியும். 1969இல் அணை கட்டப்பட்டபோது நீருக்குள் போன நகரம் அது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்களைப் பார்க்க ஹட்டன் பக்கமிருந்தும் சனம் வரும். ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். சேற்றில் இழுத்துக் கட்டியிருந்த ஃபைபர் படகொன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நம்மள சிங்களத்துல 'மரக்கல' ஆக்கள்னு சொல்றாங்களே, நம்ம ஆக்கள் போட் செஞ்சவங்களா, ஓட்டினவங்களா?"

அவனுடைய நானா மேற்குக் கரையில் ஒரு படகுத் தளத்தில் வேலை செய்கிறார். "லீவுக்கு வந்தா அவர் உடுப்புல ஒரே மருந்து வாடை. உம்மா அத வெளியதான் காயப் போடுவாங்க" என்றும் சொன்னான். கேள்விக்கு அந்த இடத்திலேயே ஒரு பதில் சொன்னேன். அது பாதிப் பதில்தான் என்று பிறகு உறைத்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நமக்கு வழங்கும் பெயர்களில் கடலின் ஈரம் இன்னும் காயவில்லை. 'மரைக்காயர்' என்ற சொல்லை மரக்கலராயர் என்பதன் திரிபு என்பார்கள். மரக்கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. 'ஹம்பான்' என்ற பெயரும், அம்பாந்தோட்டை என்ற ஊர்ப் பெயரும் சம்பான் படகிலிருந்து வந்தவை என்பது பரவலான கருத்து. கீழக்கரைச் சீதக்காதியின் வணிகம், கோழிக்கோட்டுக் குஞ்ஞாலி மரைக்காயர்களின் கடற்போர், 1600இல் கோவாவில் நான்காம் குஞ்ஞாலி கொல்லப்பட்டது எல்லாம் நம் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் இவை கப்பல் வைத்திருந்தவர்களின் வரலாறு. பலகை அறுத்தவன், கயிறு முறுக்கியவன், கலம் ஒழுகாமல் அடைத்தவன் பெயர் எதிலும் இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கடலடி சாட்சி சொல்கிறது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே ஒன்பதாம் நூற்றாண்டுக் கலமொன்று கண்டெடுக்கப்பட்டது. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த அரபு வகைக் கலம். அதைப் பார்த்து ஓமானில் கட்டிய 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற பாய்க்கப்பல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் வரை ஓடியது. வழியில் நம் காலியிலும் தரித்தது. நூஹ் நபியின் கப்பலைப் பற்றி வரும் 'துசுர்' என்ற சொல்லுக்கு ஆணி என்று பொருள் கொள்வோரோடு, நார்க்கயிறு என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. நாரும் பிணைப்பும் கப்பல் தொழிலுக்கு அவ்வளவு பழையவை.

இன்றைய ஃபைபர் படகும் நாரும் பிணைப்பும்தான். நார் கண்ணாடி, பிணைப்பது பிசின். இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் தளம் இத்தொழிலில் முன்னே நின்றது. பிறகு மரத்தின் விலை ஏற ஏற, மேற்கிலும் தெற்கிலும் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதி ஃபைபராகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாக ஃபைபர் படகுகள் கட்டி விநியோகிக்கப்பட்டதையும், அவற்றில் பலவற்றின் தரம் பற்றி எழுந்த முறைப்பாடுகளையும் நாம் மறக்கவில்லை.

வழக்கமான முறை இது: அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, தூரிகையாலும் உருளையாலும் பிசினைப் பூசிக் காற்றுக் குமிழை நெருக்கி வெளியேற்றுவது. பிசினிலுள்ள ஸ்டைரீன் ஆவியாகி வேலைக்காரரின் மூச்சில் ஏறும். மாணவன் சொன்ன 'மருந்து வாடை' அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்தது.

இதற்கு மாற்றுத்தான் வெற்றிட உறிஞ்சல் முறை. நார்ப் பாய்களை உலர்ந்தபடியே அச்சில் அடுக்குகிறார்கள். மேலே பிசின் ஓடுவதற்கான வலை, அதற்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு. ஓரமெல்லாம் பசை நாடாவால் அடைப்பு. ஒரு குழாயில் பம்பு காற்றை இழுக்கும். எங்கும் ஒழுக்கு இல்லையென்று உறுதியான பிறகே மறு குழாயைப் பிசின் வாளிக்குத் திறப்பார்கள். பிசின் தானாக ஓடி நாரெல்லாம் நனையும். கையால் பூசினால் எடையில் மூன்றிலொரு பங்களவே நார் நிற்கும். இம்முறையில் அறுபது சதவீதத்துக்கு மேலும் போகும். படகு இலேசாகிறது, பலமும் கூடுகிறது, ஆவி விரிப்புக்குள் அடங்குகிறது.

யோசனை புதிதல்ல. 1950இலேயே அமெரிக்காவில் இதன் ஆரம்ப வடிவத்துக்குக் காப்புரிமை உண்டு. 1990இல் பில் சீமன் என்பவர் பெற்ற காப்புரிமைக்குப் பின்தான் அது தளங்களில் பரவியது. சுவீடனின் விஸ்பி போர்க்கப்பல், 2000இல் கார்ல்ஸ்க்ரோனாவில் நீரில் இறங்கியது, எழுபது மீட்டருக்கு மேல் நீளம், இம்முறையில் ஆனது. நம் பிள்ளைகள் உழைக்கப் போகும் வளைகுடாவில், 1982இல் தொடங்கிய கல்ஃப் கிராஃப்ட் நிறுவனம், உம்முல் குவைனில் 54 மீட்டர் உல்லாசக் கப்பலொன்றை இதே முறையில் கட்டி 2020இல் இறக்கியது. பாய்மரத் தவ்கள் கட்டிய கரை அது.

குறையும் உண்டு. அடைப்பில் ஊசித் துளை இருந்தால் முழுக் கூடும் வீண். கையால் பூசும்போது இடையில் நிறுத்தித் திருத்தலாம். இங்கே வாளி திறந்த பிறகு திரும்ப வழியில்லை. விரிப்பும் வலையும் குழாயும் ஒரு தடவைக்குத்தான், பிறகு குப்பை. நெருப்புக்கும் இது தப்பாது: இந்தோனேசியாவின் பன்யுவாங்கியில் இப்படிக் கட்டிய 'கிளேவாங்' என்ற கடற்படைக் கலம், 2012 ஆகஸ்ட் முடிவில் இறக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் எரிந்து போனது.

வகுப்பில் இதை விளக்கியபோது நுவரெலியாக் காற்றே எனக்கு உதவியது. பம்பு பிசினை இழுப்பதில்லை. வெளிக்காற்றுத்தான் அதைத் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தத் தள்ளல் சதுர மீட்டருக்குப் பத்து தொன். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் எட்டுத் தொன் அளவுதான். இங்கே பருப்பு வேக நேரமெடுப்பதும் அதே காரணத்தால்தான். தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. குளிரில் பிசின் இறுகுவதும் தாமதிக்கும். "அப்ப இங்க போட் கட்ட ஏலாதா சேர்?" என்றான் அதே மாணவன். "ஏலும் மகன். ஆனா கடலோரத்துக் கணக்க அப்பிடியே இங்க போட ஏலாது" என்றேன்.

நம் வரலாற்று எழுத்துக்கும் அதுவே பொருந்தும். துறைமுகத்துச் செல்வர்களின் கணக்கை வைத்து நம் எல்லோரையும் அளந்துவிட முடியாது. மலையிலிருந்து இறங்கிப் போன ஒரு பையன் உருளை பிடித்துப் பிசின் பூசுகிறான், அவனும் மரக்கலத்தானே. 'மரக்கல' என்பது ஏளனமாக விழும் நாட்களில் நாம் சீதக்காதியை எடுத்துக் காட்டுகிறோம். அதோடு அந்தப் பையனையும் காட்டலாம். அவன் தளத்தில் முகமூடி இருக்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, விரிப்பும் பம்பும் வாங்க முதலாளிக்கு மனம் வருமா என்று கேட்பதும் நம் வேலைதான். இன்று நாம் கேட்டு எழுதி வைக்காவிட்டால், கயிறு தைத்தவர்களின் பெயர் போனதுபோல் இவர்களின் பெயரும் போய்விடும்.

அந்த மாணவனிடம் ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். நானா அடுத்த லீவுக்கு வரும்போது, வேலையின் ஒவ்வொரு படியையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதி வரும்படி. முதல் பக்கத்தில் அவர் பெயரையும் வாப்பா பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.