செஞ்சுரி அடிக்காமல் செஞ்சுரி போட்ட ஆஷாலதா

சச்சின் எத்தனை செஞ்சுரி அடித்தார் என்று டீக்கடையில் கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். இந்தியாவுக்காக 100 சர்வதேசக் கால்பந்து ஆட்டங்கள் ஆடிய முதல் பெண் யார் என்று கேட்டுப் பாருங்கள்... டீ ஆறிப்போகும்!

அவர் பெயர் லோயிதோங்பாம் ஆஷாலதா தேவி. தடுப்பு ஆட்டக்காரர், அதாவது டிஃபெண்டர். பெயர் அதிகம் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அடித்த கோல் பேரேட்டில் ஏறிவிடும். ஆனால் விழாமல் போன கோலுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

1993-இல் இம்பாலில் பிறந்தவர். நம்ம சிங்கம்புணரிப் பக்கம் மஞ்சுவிரட்டு எப்படியோ, மணிப்பூரில் கால்பந்து அப்படி. பெண்களும் ஆடுவார்கள் என்பதுதான் வித்தியாசம். ஆனால் நாட்டின் நிலைமை வேறு. 18 மாதங்களுக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம் கூட ஆடவில்லை என்று 2009-இல் இந்தியப் பெண்கள் அணியைத் தரவரிசைப் பட்டியலில் இருந்தே ஃபிஃபா நீக்கியது. தோற்று வெளியேறவில்லை, ஆடாமலேயே வெளியேறினார்கள்! அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சீனியர் அணிக்கு வந்தவர் ஆஷாலதா. அந்த நிலையில் இருந்து எண்ணிப் பார்த்தால்தான் 100 என்பது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

நமக்கு நெருக்கமான கதை 2019-இல் வருகிறது. கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக பஸ் பிடித்தால் வருகிற அதே மதுரையின் சேது எஃப்.சி. அணிக்கு அந்த சீசனில் ஆடினார். காரியாபட்டி பக்கம் உள்ள சேது பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்தும் கிளப் அது. மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது சேது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, விராட்நகரில் நேபாளத்தை 3-1 என்று வென்று இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாக தெற்காசியக் கோப்பையை வென்றபோது கேப்டன் இவர்தான். அந்த சீசனின் சிறந்த இந்திய வீராங்கனை விருதும் இவருக்கே. ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான இறுதிப் பட்டியலில் ஜப்பானின் சாகி குமாகாய், சீனாவின் லி யிங் ஆகியோருடன் இவர் பெயரும் இருந்தது. விருது குமாகாய்க்குப் போனது. அவரும் டிஃபெண்டர்தான் என்பதால் மனசு கொஞ்சம் ஆறலாம் :-)

2022-இல் கேரளத்தின் கோகுலம் அணிக்காக ஆடியபோது, லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் எதிரே வந்தது அதே சேது எஃப்.சி.! முதல் கோலை சேது அடிக்க, பெனால்டியில் அதைச் சமன் செய்தவர் ஆஷாலதா. கோகுலம் 3-1 என்று வென்றது. மதுரைக்காரர்கள் மன்னிப்பார்களாக.

ஆனால் அதே 2022 ஜனவரியில் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. உலகக் கோப்பைக்குப் போக அதுதான் வழி. கேப்டன் ஆஷாலதா. நவி மும்பையில் ஈரானுடன் முதல் ஆட்டம், 0-0. கோல் அடிக்கவில்லை என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். கோல் வாங்கவும் இல்லை என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? மூன்றே நாளில் அணிக்குள் கொரோனா பரவி, சீன தைபே ஆட்டத்துக்கு 13 பேர் கூடத் தேறவில்லை. போட்டியில் இருந்தே இந்தியா விலகியதாக அறிவித்தார்கள். விதிப்படி ஈரான் ஆட்டமும் செல்லாது என்று ஆனது. தடுத்த கோல்கள் கணக்கில் ஏறாதது பழகிப்போன விஷயம். இங்கே ஆட்டமே கணக்கில் இருந்து போய்விட்டது.

100-வது ஆட்டம் 2024 அக்டோபர் 17 அன்று காத்மாண்டுவில், பாகிஸ்தானுக்கு எதிராக. இந்தியா 5-2 என்று ஜெயித்தது. அதே ஆட்டத்தில் பாலா தேவி தன் 50-வது சர்வதேச கோலை அடித்தார். மறுநாள் செய்திகளில் ஆஷாலதாவின் நூறும் பாலா தேவியின் ஐம்பதும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன.