இயக்க நரம்பணு: ஒரு சொல்லின் வரலாறு

யாழில் கட்டிய தந்திக்கும் உடலுக்குள் ஓடும் நரம்புக்கும் பண்டைத் தமிழர் ஒரே பெயரைத்தான் வழங்கினர். கிரேக்க மொழியிலும் கதை இதுவே. ‘நியூரான்’ என்னும் கிரேக்கச் சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்து, பின்னரே நரம்பைக் குறிக்கலாயிற்று. வடமாநிலங்களில் வாழும் நேயர்கள் இந்தியில் காணும் ‘தந்த்ரிகா’ என்னும் கலைச்சொல்லும், வீணைத் தந்தியைக் குறிக்கும் ‘தந்த்ரீ’ என்ற வடசொல்லுக்கு உறவுடையதே. மொழிகள் பல ஒரே உவமையைக் கண்டிருக்கின்றன.

உவமை அழகியதுதான், ஆனால் அது ஓர் உண்மையை மறைத்துவிட்டது. நாண் இழுக்கும்; நரம்போ தசையை இழுப்பதில்லை, அதற்குச் செய்தி கொண்டு செல்கிறது. இதனைத் தெளிய மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன், அலெக்சாந்திரியா நகரில் ஹெரோபிலஸ் என்னும் மருத்துவர் நரம்பைத் தசைநாணினின்றும் வேறு பிரித்து அறிந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் காலென், அலறிக்கொண்டிருந்த பன்றியொன்றின் குரல்வளைக்குச் செல்லும் நரம்பை அவையோர் முன்னிலையில் அறுத்துக் காட்டினார். விலங்கு துள்ளுவது நிற்கவில்லை. குரல் மட்டும் அடங்கிவிட்டது. தசை பழுதுறவில்லை, அதற்கு வரவேண்டிய ஆணைதான் வரவில்லை.

ஆணையைக் கொண்டு செல்லும் நரம்பே வலியையும் கொண்டுவருகிறதா என்பது அடுத்த வினா. 1811இல் இங்கிலாந்தில் சார்லஸ் பெல், முதுகுத்தண்டினின்று கிளைக்கும் நரம்பின் முன்வேரைத் தொட்டால் தசைகள் துடிப்பதைக் கண்டார். 1822இல் பிரான்சில் மஜாந்தி விடையை முழுமையாக்கினார். நாய்க்குட்டிகளிடம் அவர் நடத்திய சோதனைகள் கொடியவை என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. எனினும் அவற்றிலிருந்து பெற்ற முடிவு நிலைத்தது: பின்வேர் உணர்ச்சிக்குரியது, முன்வேர் இயக்கத்திற்குரியது. கண்டுபிடித்த புகழ் யாருக்கு உரியது என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. இன்று அவ்விதி இருவர் பெயராலும் வழங்குகிறது.

நரம்பு என்பது தனித்தனி உயிரணுக்களின் நீட்சியே என்பதை ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் நுண்நோக்காடியில் கண்டு நிறுவினார். அவ்வணுவுக்கு 1891இல் ஜெர்மானிய அறிஞர் வால்டையர் ‘நியூரான்’ என்று பெயரிட்டார். வில்லின் நாணைக் குறித்த சொல் ஓர் அணுவின் பெயராயிற்று. ‘மோட்டார்’ என்பது இயக்குவது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கிணற்று நீரை இறைக்கும் மோட்டாரும் அதே சொல்தான். இரண்டும் கூடியதே ‘மோட்டார் நியூரான்’. தமிழில் இயக்க நரம்பணு. நம் பாடநூல்கள் இயக்க நியூரான் என்றும் கூறும்.

இவ்வணு முதுகுத்தண்டின் முற்பகுதியில் அமர்ந்திருக்கும். அங்கிருந்து புறப்படும் அதன் இழை தசையைச் சென்று சேரும். பாதம் வரை செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. மூளையின் விருப்பமாயினும், நெருப்பைத் தொட்ட கை தானே விலகுவதாயினும், எல்லா ஆணைகளும் இவ்வணுவின் வழியாகவே தசையை அடைந்தாக வேண்டும். ஆதலின் ஆங்கில அறிஞர் ஷெரிங்டன் இதனை ‘இறுதிப் பொதுவழி’ என்றார். மூளையிலிருந்து இவ்வணுவுக்கு ஆணை அனுப்பும் அணுவை ‘மேல் இயக்க நரம்பணு’ என்றும், இதனைக் ‘கீழ் இயக்க நரம்பணு’ என்றும் மருத்துவர் வழங்குவர். பக்கவாதத்தில் பெரும்பாலும் மேலதன் வழி சேதமுறும். நாளடைவில் உறுப்பு விறைக்கும். கீழது மாண்டால் தசை துவண்டு மெலியும்.

இளம்பிள்ளை வாதம் தாக்குவது இக்கீழ் அணுக்களையே. ‘போலியோ’ என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் சாம்பல் நிறம். முதுகுத்தண்டின் சாம்பல்நிறப் பகுதியில் நோய் நிகழ்வதை அப்பெயர் சுட்டுகிறது. நம் பெயரோ நோயுறும் பருவத்தைச் சுட்டுகிறது. இரண்டு பெயர்களும் கூறாத செய்தி ஒன்றுண்டு. அக்குழந்தையின் காலில் உணர்ச்சி குன்றுவதில்லை. முள் தைத்தால் வலிக்கும். குளிர்நீர் பட்டால் சிலிர்க்கும். அசைக்க மட்டுமே இயலாது. 1869இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்த இயக்க நரம்பணு நோயிலும் பெரும்பாலோர்க்குத் தொடுவுணர்ச்சி மாறுவதில்லை. 1963இல் அந்நோய் கண்ட ஸ்டீபன் ஹாக்கிங், 2018இல் மறையும் வரை வானியல் ஆராய்ந்துகொண்டேயிருந்தார்.

ஆனால் வழக்கில் நாம் என்ன சொல்கிறோம்? கால் அசையாவிட்டாலும் ‘உணர்ச்சியில்லை’ என்கிறோம். மரத்துப் போனாலும் அதையே சொல்கிறோம். சோர்வு முதல் நடுக்கம் வரை யாவற்றையும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே பெட்டியில் அடைக்கிறோம். அயல்மாநிலத்தில், மொழி பழகாத மருத்துவர் முன் நிற்கும் தமிழர்க்கு இது வெறும் இலக்கணக் குற்றமன்று. உணர்வில்லையா, அசைவில்லையா என்பதே மருத்துவர் முதலில் அறிய விரும்புவது. பெயர்த்துச் சொல்பவர் ஒன்றை மற்றொன்றாக்கினால் ஆராய்ச்சி திசைமாறும்.

இயற்கைப் போலியோக் கிருமியால் இந்தியாவில் இறுதியாக நோயுற்றது மேற்கு வங்கத்து ஹவுராவில், 2011 ஜனவரி 13 அன்று, ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று நாடு அக்கிருமியினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. ஆயினும் முன்பே அந்நோயுற்று வளர்ந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைக் குறித்துப் பேசும்போதேனும், இழந்தது இயக்கம், உணர்ச்சி அன்று என்பதைச் சரியான சொல்லால் சொல்வோமாக.