பாம்பனில் ஒரு வரவேற்பு, 1897

வீட்டுல ஒரு பிள்ளை பட்டம் வாங்கிட்டு வருதுன்னா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க. வாசல்ல சாமியானா, சீரியல் லைட், சொந்தக்காரங்களுக்கு பிரியாணி, தெருமுனையில ஒரு ஃப்ளெக்ஸ். அந்த ஃப்ளெக்ஸைக் கொஞ்சம் கவனிங்க. படிச்ச பிள்ளையோட படத்துக்குப் பக்கத்துலயே, சில நேரம் அதைவிடப் பெருசா, விழா எடுக்கிறவர் படமும் இருக்கும். விழா ரெண்டு பேருக்குமானது.

இந்த எபிசோடுல ராமநாதபுரம் கடற்கரையில நடந்த அப்படியொரு விழாவைப் பத்திப் பேசப்போறோம். வந்தவர் விவேகானந்தர். வீட்டைத் தயார் பண்ணினவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. நாள் 1897 ஜனவரி 26. விருந்தாளிக்கு அப்போ வயசு 34, விருந்து வச்சவருக்கு 28. பழைய போட்டோக்கள்ல தலைப்பாகையோட பார்க்கிறதால ரெண்டு பேரையும் பெரியவங்களாவே நினைச்சுக்கிறோம். உண்மையில இன்னைக்கு இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல பலரோட வயசுதான்.

முதல்ல அந்த ராஜாவைப் பத்திக் கொஞ்சம். சேதுபதி என்றால் சேதுவின் காவலர். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்குப் பாதுகாப்பு, தங்குவதற்குச் சத்திரம், சாப்பாடு, இதெல்லாம் அந்தப் பட்டத்தோட சேர்ந்து வந்த கடமை. ஒரு காலத்தில் படையும் கோட்டையும் வைத்து ஆண்ட குடும்பம். 1803ல் ஆங்கிலேயர்கள் அந்த நாட்டை ஜமீனாக மாற்றிவிட்டார்கள். அதுக்கப்புறம் சண்டை கிடையாது, படை கிடையாது. வரி வசூலித்து கம்பெனிக்குக் கட்டணும், அவ்வளவுதான். அப்புறம் ராஜான்னு காட்டிக்க என்ன மிச்சம்? கொடுக்கிறது. கோயிலுக்கு, புலவர்களுக்கு, நவராத்திரி விழாவுக்கு, வந்த விருந்தாளிக்கு. இந்தக் கடற்கரையில விருந்து வைக்கிறதுதான் அரசாட்சியோட கடைசி வடிவமா இருந்ததுன்னு எனக்குத் தோணுது.

பாஸ்கரர் சின்னப் பையனா இருக்கும்போதே, 1873ல், அப்பா இறந்துட்டார். ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்துக்குப் போச்சு. பையனைச் சென்னையில வச்சு ஆங்கிலக் கல்வி கொடுத்தாங்க. 1889ல் பொறுப்பு கைக்கு வந்தது. நல்லா படிச்சவர், பேச்சாளர், கையில காசு நிக்காதவர். சில வருஷங்களிலேயே கடன் கழுத்தை நெரிக்க ஆரம்பிச்சது.

1892ல், இன்னும் பெயர் தெரியாத சந்நியாசியா சுத்திக்கிட்டிருந்த விவேகானந்தரை மதுரையில சந்திக்கிறார். சிகாகோ போங்கன்னு வற்புறுத்தினவங்கள்ல இவர் முக்கியமானவர். போனார், 1893 செப்டம்பர்ல பேசினார், உலகம் திரும்பிப் பார்த்தது. மூணு வருஷத்துக்கு மேல கழிச்சுத் திரும்பி வர்றார். 1897 ஜனவரி 15 கொழும்பு, அப்புறம் கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம். அங்கிருந்து கப்பல்ல பாம்பன்.

இப்போ இடத்தை யோசிச்சுப் பாருங்க. பாம்பன் பாலம் 1914லதான் வருது. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயிலே 1902லதான். ஆக, 1897ல் பந்தலுக்கு வேண்டிய சாமானோ ராஜாவோட கோச் வண்டியோ குதிரைகளோ, எது வேணும்னாலும் கட்டாந்தரையில வண்டி கட்டிக் கொண்டுவந்து, கடலைத் தாண்டித் தீவுல இறக்கணும். இன்னைக்கு மண்டபத்துக்கு டேபிள், சேர் லேட்டா வந்தாலே நமக்கு டென்ஷன் ஆகுது.

விவேகானந்தர் ராமேஸ்வரம் போறதாத்தான் இருந்தார். ராஜாவே பாம்பனுக்கு வந்து காத்திருக்கார்னு தெரிஞ்சதும் அங்கே வந்தார். கப்பலிலிருந்து ராஜாவின் அரச படகுக்கு மாறினதும், ராஜா பரிவாரத்தோட அவர் காலில் விழுந்தார். கரையில அலங்காரப் பந்தல். நாகலிங்கம் பிள்ளை ஊர் சார்பா வரவேற்புரை வாசித்தார். அப்புறம் ராஜாவின் பங்களாவுக்கு வண்டி கிளம்புது. கூட்டம் குதிரைகளை அவிழ்த்து விட்டுட்டு, தாங்களே வண்டியை இழுக்குது. அந்தக் கூட்டத்துல ராஜாவும் ஒருவர். இறங்கின இடத்தில் பிறகு 40 அடி உயர நினைவுச்சின்னம் ஒன்றையும் ராஜா எழுப்பினார். ஃப்ளெக்ஸ்னு சொன்னேன்ல? அதில் கல்லில் வெட்டின பெயர்கள்ல ராஜாவின் பெயரும் இருந்தது.

அடுத்த நாள் ராமேஸ்வரம் கோயில். யானை, ஒட்டகம், குதிரை, கோயில் விருதுகள், மேளம், எல்லாம் எதிர்கொண்டு வந்தன. கோயில் நகைகளையும் பிரகாரத் தூண்களையும் சுற்றிக் காட்டினார்கள். அங்கே அவரைப் பேசச் சொன்னாங்க. ஆங்கிலத்தில் பேசினார், நாகலிங்கம் தமிழ்ல சொன்னார். சிவனை லிங்கத்தில் மட்டும் பார்ப்பது ஆரம்பநிலை, ஏழையிடமும் பலவீனரிடமும் நோயாளியிடமும் பார்க்கிறவன்தான் நிஜமா வழிபடுகிறான் என்பது பேச்சின் சாரம். இது நமக்குத் தெரியக் காரணம் கூடவே வந்த குட்வின் என்ற ஆங்கிலேயர். சுருக்கெழுத்தில் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே இருந்தார். நம்ம எபிசோடை எழுத்தில் கொண்டுவர்றவங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோர்.

அந்தப் பேச்சுக்கு உடனே பலன் இருந்தது. ராஜா ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். அப்போ சென்னை மாகாணத்தில் பஞ்சம் வேற.

பிறகு ராமநாதபுரம். பெரும்பாலும் மாட்டு வண்டிப் பயணம், வழியில திருப்புல்லாணியில வரவேற்பு. ஊரை நெருங்கும்போது ஒரு பெரிய கண்மாயைப் படகில் கடந்து வந்தாங்க. வறண்ட பூமின்னு பேர் வாங்கின ராமநாதபுரத்துல விருந்தாளியைப் படகில் வீட்டுக்குக் கூட்டி வர்றதை யோசிச்சவர் யாரோ, அவருக்கு ஒரு சபாஷ். பீரங்கி முழங்குது, வானவேடிக்கை, ரெண்டு பக்கமும் தீவட்டி. ராஜாவின் தம்பி மெய்க்காவல் படையோட முன்னால வர, ராஜா கால்நடையா நடந்தே ஊர்வலத்தை நடத்தறார். நாட்டு வாத்தியத்தோட ஐரோப்பிய பேண்டும் உண்டு. தங்கிறதுக்கு சங்கர வில்லா மாளிகை. சபையில தம்பி தினகர சேதுபதி வாசித்த வரவேற்புரையை, நல்ல வேலைப்பாடு செய்த தங்கப் பேழையில வச்சுக் கொடுத்தாங்க.

கடன்ல இருக்கிற வீட்டில் தங்கப் பேழை! ஆடம்பரம்னு சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் பண்ற வீடுகளை நமக்குத் தெரியும். செய்யாம விட்டா ஊர்ல முகம் காட்ட முடியாதுன்னு ஒரு பயம் இருக்கும். ராஜாவுக்கு அது பல மடங்கு. அந்தச் சபையிலேயே, இந்த வருகையின் நினைவா பஞ்ச நிவாரண நிதிக்குப் பொதுவசூல் செய்யலாம்னு யோசனை சொன்னவரும் அவரேதான். விவேகானந்தரும் பதிலுரையில், சிகாகோ எண்ணத்தை முதல்ல தன் மனசுல போட்டவர் ராஜான்னு வெளிப்படையா நன்றி சொன்னார்.

இதோட நிறுத்தினா அழகான கதை. ஆனா அதே வருஷம் மே மாதம், இதே ஜமீன்ல, கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் போய் வழிபட்டாங்க. அவங்களுக்கு அப்போ அந்தக் கோயிலுக்குள் அனுமதி கிடையாது. கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா பாஸ்கர சேதுபதி. அவர் பெயரில் மதுரையில் வழக்கு நடந்தது. ராமேஸ்வரத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு நாலு மாசம்கூட ஆகலை. சோறு போட்ட கையும் வழக்கு போட்ட கையும் ஒண்ணுதான். ஏழைக்கு வாசல்ல அன்னதானம் பண்றது அவர் பழகின ராஜதர்மத்துக்குள்ள அடங்கும். கோயிலுக்குள் யாரை விடுறதுங்கிற மரபை மாத்துறது அதுக்குள்ள அடங்கலை. நான் இதை இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908ல் நாடார்களுக்கு எதிராவே முடிந்தது. அதைப் பார்க்க ராஜா உயிரோட இல்லை. விவேகானந்தர் 1902 ஜூலையில் போனார், வயசு 39. பாஸ்கர சேதுபதி 1903 டிசம்பரில், 35 வயசில். சட்டப்படி கோயில் கதவு திறக்க 1939 ஆச்சு.